தீமைக்குப் பெயரிடுதல்: செய்தியாளரின் சொல்லும் நடுவுநிலைமையும்

தமிழ் இலக்கண நூலார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுப்பர். ஒரு பொருளை அதற்கென அமைந்த சொல்லாலேயே கூறுவது இயல்பு வழக்கு. அச்சொல்லாற் கூறுதல் தகாதெனக் கருதி வேறொரு சொல்லாற் கூறுவது தகுதி வழக்கு. பின்னையதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார் நன்னூலார். அவையிற் கூறத் தகாததை மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறுதல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தம்முள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குதல் குழூஉக்குறி. சுடுகாட்டை நன்காடு என்பதும், பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் உரையாசிரியர் காட்டும் உதாரணங்களாம்.

இப்பாகுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. அறவாராய்ச்சிக்கும் அது வழிகாட்டுகிறது. நன்காடு என்று ஒருவர் கூறும்போது, கேட்பவர் அதனைப் பூங்கா என எண்ணி ஏமாறுவதில்லை. மறைக்கப்பட்ட சொல் எதுவென்பது இருவருக்கும் தெரியும். ஆகவே இடக்கரடக்கலும் மங்கலமும் நாகரிகத்தின்பாற்படும், பொய்ம்மையின்பாற்படா. குழூஉக்குறியின் நிலை சற்று வேறானது. அக்குழுவினர்க்கு அது விளங்கும், புறத்தார்க்கு விளங்காது. விளங்காமை கருதியே அது படைக்கப்படுகிறது. அது தன் குழுவின் எல்லைக்குள் நிற்கும்வரை பெருந்தீங்கு விளைவதில்லை. ஆனால் ஒரு குழுவினர் தம் செயலை மறைத்தற் பொருட்டுப் படைத்த சொல்லொன்று, அவ்வெல்லையைக் கடந்து, நாட்டின் பொதுவழக்காகப் பத்திரிகைகளில் இடம்பெறுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? வெளிப்படையான தீச்செயலொன்றை அறிந்த செய்தியாளர் அதனை இயல்பு வழக்காற் கூறக் கடமைப்பட்டவரா? அன்றி, கடுஞ்சொல்லைத் தவிர்த்து ஒதுங்கி நிற்பதுதான் அவர்க்குரிய நடுவுநிலைமையா?

இவ்வினாவைப் பொதுப்படையாக ஆராய்வதிலும் ஓர் உண்மை நிகழ்ச்சியை முன்வைத்து ஆராய்வது பயனுடைத்து. 2001 செப்டெம்பர் 11 ஆம் திகதித் தாக்குதல்களின் பின்னர், ஐக்கிய அமெரிக்காவின் மத்திய புலனாய்வு முகவரகம் தன் கைதிகளை விசாரித்த முறையும், அதனை அந்நாட்டுப் பெரும்பத்திரிகைகள் எழுதிய முறையும் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

அங்கு கையாளப்பட்ட முறைகளுள் ஒன்றின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். கைதியை ஒரு பலகையிற் கிடத்திக் கட்டுவர். முகத்தைத் துணியால் மூடி, அதன்மீது நீரை ஊற்றுவர். மூச்சிழுக்கும் போதெல்லாம் ஈரத்துணியும் நீருமே அவன் மூக்கையும் வாயையும் அடைக்கும். நீரில் மூழ்கி இறப்பவன் அடையும் வேதனையையும் மரணபயத்தையும் அவன் அடைவான். சாவதற்கு முன் ஊற்றுவது நிறுத்தப்படும்; பின் மீண்டும் தொடங்கப்படும். 2002 ஆகஸ்ட் மாதத்தில் அபூ சுபைதா என்பவர்மீது இம்முறை 83 தடவையும், 2003 மார்ச் மாதத்திற் காலித் ஷேக் முகம்மது என்பவர்மீது 183 தடவையும் பிரயோகிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசின் ஆவணங்களே பின்னர் வெளிப்படுத்தின.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செயலன்று. பெயரின்றி இருந்த செயலுமன்று. பிலிப்பைன்ஸ் யுத்தத்தில் இதனையொத்த நீர்க்கொடுமையை நிகழ்த்திய அமெரிக்க மேஜர் ஒருவர் 1902 இல் இராணுவ நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டார். தண்டனை ஒரு மாத இடைநிறுத்தமும் 50 டொலர் அபராதமுமே. இரண்டாம் உலகப் போரின் பின்னர்த் தோக்கியோவில் நடந்த சர்வதேச இராணுவ நீதிமன்றம், 1948 ஆம் ஆண்டுத் தீர்ப்பில், யப்பானியப் படையினர் கைதிகள்மீது புரிந்த சித்திரவதைகளின் வரிசையில் நீரூற்றுதலையும் சேர்த்தது. 1983 இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஷெரிப் ஒருவரும் அவர்கீழ்ப் பணியாற்றிய மூவரும், குற்ற ஒப்புதல் பெறும்பொருட்டுக் கைதிகள்மீது இவ்வாறு நீரூற்றியமைக்காக அமெரிக்க நீதிமன்றத்தாலேயே தண்டிக்கப்பட்டனர். எனவே, செயல் பழையது. அதற்குரிய பெயரும் பழையது. அப்பெயரை இட்டவர்களுள் அமெரிக்கரும் அடங்குவர்.

2002 ஆகஸ்ட் 1 ஆம் திகதி அமெரிக்க நீதித் திணைக்களத்தின் சட்டவியலார் ஓர் ஆவணம் வரைந்தனர். உடலுறுப்புச் செயலிழத்தல், உடற்றொழிற்பாடு குன்றுதல், மரணம் ஆகியவற்றோடு சேர்ந்துவரும் வேதனைக்கு ஒப்பான வேதனையை விளைப்பதே சித்திரவதையாகும் என அவ்வாவணம் அச்சொல்லின் பொருளைக் குறுக்கியது. செயலை மாற்றாது சொல்லின் எல்லையை மாற்றியதன் மூலம் செயல் சட்டத்துக்கு உட்பட்டதாக்கப்பட்டது. அவ்வாவணம் 2004 இல் வெளியுலகுக்குத் தெரியவந்தபோது, கண்டனம் தாளாது அரசு அதனை மீளப்பெற்றது. எனினும் அதனோடு வழங்கிய சொற்றொடர் மீளப்பெறப்படவில்லை. ‘மேம்படுத்தப்பட்ட விசாரணை நுட்பங்கள்’ என்று பொருள்படும் அத்தொடர், அதிகாரிகளின் வாயிலிருந்து பத்திரிகைப் பத்திகளுக்குக் குடிபெயர்ந்தது. அதே 2004 இல், அபூ கிரைப் சிறைச்சாலைப் புகைப்படங்கள் வெளியாகி உலகம் அதிர்ந்து நின்ற வேளையில், பாதுகாப்புச் செயலாளராயிருந்த டொனால்ட் றம்ஸ்பெல்ட், அங்கு நிகழ்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்படுவது துர்நடத்தை என்றும், அது சித்திரவதையினின்றும் நுட்பமாக வேறுபட்டதென்றும் கூறி, அச்சொல்லைப் பற்றிப் பேச மறுத்தார்.

பத்திரிகைகள் என்ன செய்தன? 2010 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவர் சிலர் இதனைக் கணக்கிட்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர். 1930 களின் தொடக்கம் முதல் இவ்விவகாரம் வெளிவரும் வரை, ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை இந்நீர்முறை பற்றி வெளியிட்ட 54 கட்டுரைகளுள் 44 இல் அதனைச் சித்திரவதை என்று கூறியது, அல்லது அவ்வாறு பொருள்பட எழுதியது. ‘லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ்’ 27 இல் 26 தடவை அவ்வாறு செய்தது. 2002 முதல் 2008 வரையிலான காலத்திலோ, முன்னையது 143 கட்டுரைகளுள் 2 இல் மாத்திரமும், பின்னையது 63 இல் 3 இல் மாத்திரமும் அப்பெயரைப் பயன்படுத்தின. மற்றொரு கணக்கும் அவ்வறிக்கையில் உண்டு. நீரூற்றியவர் பிறநாட்டினராயின், ‘லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ்’ 23 கட்டுரைகளுள் 21 இல் அதனைச் சித்திரவதை என்றது. ஐக்கிய அமெரிக்கா ஆயின், 79 இல் 9 இல் மட்டுமே.

இப்பத்திரிகைகளை இயக்கியோர் அறிவிலிகளல்லர், அரசின் கூலிகளுமல்லர். இரகசியச் சிறைகள் பற்றிய செய்திகளை முதலில் வெளிக்கொணர்ந்தவர்களும் பத்திரிகையாளர்களே. ஆகவே அவர்கள் கூறிய நியாயத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்நியாயம் வருமாறு: இச்செயல் சித்திரவதையா என்பது அரசியற் சர்ச்சைக்கு உரியதாகிவிட்டது. அரசின் உயர் அதிகாரிகள் அல்ல என்கின்றனர். எதிர்ப்போர் ஆம் என்கின்றனர். அச்சொல்லைப் பயன்படுத்தினால் பத்திரிகை ஒரு பக்கம் சார்ந்ததாகும். எனவே செயலை விவரித்து, இருதரப்பு வாதங்களையும் தந்து, தீர்ப்பை வாசகரிடமே விட்டுவிடுதல் முறை.

இந்நியாயத்தில் உண்மையின் ஒரு கூறு இல்லாமற் போகவில்லை. செய்தியாளர் நீதிபதியல்லர். சொல்லின் கனம் மிகுந்தோறும் பொறுப்பும் மிகும். ஆயினும் மூன்று இடங்களில் இவ்வாதம் இடறுகிறது.

முதலாவதாக, சர்ச்சை என்பது எவ்வாறு தோன்றுகிறது என்பதை அது நோக்கவில்லை. குற்றம் புரிந்தவர் மறுத்த அளவிலேயே சர்ச்சை தோன்றிவிடும் எனின், எக்குற்றத்துக்கும் பெயர் நிலைக்காது. மறுப்பவர் வலியவராயின் மறுப்பும் வலிதாகும், சர்ச்சையும் பெரிதாகும். இவ்விதியின்படி ஏழைக் களவாளியின் செயலுக்குப் பெயர் உண்டு. அரசின் செயலுக்குப் பெயர் இல்லை. நடுவுநிலைமை எனும் பெயரில் வலியார்க்கு மட்டும் கிடைக்கும் சலுகையாகவே இது முடிகிறது. நீண்டகாலமாகச் சர்ச்சையின்றி வழங்கிய ஒரு பெயர், அதனால் இடருறுவோர் விரும்பாத காரணத்தால் ஒரே ஆண்டிற் சர்ச்சைக்குரியதாகுமெனின், மாறியது சொல்லின் பொருளா, அதிகாரத்தின் தேவையா என்று கேட்பது செய்தியாளரின் முதற் பணியாகும்.

இரண்டாவதாக, ஒரு சொல்லை விலக்கியவர் சொல்லின்றி எழுத முடியாது. விலக்கிய சொல்லின் இடத்தில் வேறொன்று வந்து அமரும். ‘கடுமையான விசாரணை’, ‘போலியாக மூழ்கடித்தல்’ என்பன போன்ற தொடர்களே அவ்விடத்தை நிரப்பின. இவை நடுநிலையான சொற்களா? நீர் உண்மையாகவே மூச்சுவழியை அடைத்தது. உயிர் பிரிவதற்கு முன் நிறுத்தப்பட்டமையால் அது போலி ஆகிவிடாது. விசாரணை என்ற சொல்லோ, வினாவும் விடையும் நிகழும் ஓர் அறையை மனக்கண்முன் நிறுத்துகிறது. கட்டுண்டு கிடக்கும் மனிதனை அங்கிருந்து அகற்றிவிடுகிறது. எதிர்ப்போரின் சொல்லைத் தவிர்த்த செய்தியாளர், தம்மை அறியாமலே அரசின் சொல்லை ஏற்றுக்கொண்டார்.

இவ்விடத்தில் இலக்கண நூலாரின் பாகுபாடு துணைபுரிகிறது. அரசு வழங்கிய அத்தொடர் பிறப்பாற் குழூஉக்குறி. புலனாய்வாளரும் சட்டவியலாரும் தம்முள் வழங்கியது. அதற்கு அணிவிக்கப்பட்ட உடை மங்கலத்தின் உடை. கேட்பவர் பொருளை அறிந்திருத்தல் என்பதே மங்கலத்தைப் பொய்ம்மையினின்றும் காப்பது. அக்காப்பு இங்கு இல்லை. சொன்னவர் அறிந்திருந்தார், வாசித்தவர் அறியவில்லை. நாகரிகமாக மறைத்தலுக்கும் வஞ்சித்தலுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு இதுவே. அக்கோட்டைக் கடக்கப் பத்திரிகை பாலமாயிற்று என்பதே இந்நிகழ்ச்சியின் துயரம்.

மூன்றாவதாக, மேலே காட்டிய இரண்டாவது கணக்கு. அந்நியர் செய்யும்போது தயக்கமின்றி வழங்கப்பட்ட பெயர், சொந்த அரசு செய்யும்போது சர்ச்சைக்குரியதாகியது. சமன்செய்து சீர்தூக்கும் கோலை நடுவுநிலைமைக்கு உவமையாக்கியது தமிழ் மரபு. எதையும் எடைபோடாது ஒதுக்கிவைக்கும் கோல் நடுநிற்பதன்று, பயன்படாதது. பகைவனுக்கு ஒரு படிக்கல்லும் தன்னவனுக்கு வேறொரு படிக்கல்லும் வைத்துக்கொள்ளும் கோலோ கள்ளக்கோல். செய்தியாளரின் நடுவுநிலைமை கடுஞ்சொல்லைத் தவிர்ப்பதில் இல்லை. அதே செயலுக்கு, செய்தவர் எவராயினும், அதே சொல்லை வழங்குவதில் உள்ளது.

இதற்கு எதிராக வலிய வாதமொன்று எழக்கூடும். சித்திரவதை என்பது சட்டச் சொல். அதன் எல்லை பற்றி நீதிபதிகளே முரண்பட்டுள்ளனரே எனலாம். இது மெய்யே. 1971 இல் வட அயர்லாந்திற் பிரித்தானியப் படையினர் கைதிகள் சிலர்மீது ஐந்து முறைகளைக் கையாண்டனர்: சுவரோடு நெடுநேரம் நிற்கவைத்தல், தலையை மூடுதல், இடையறாத பேரோசைக்கு உட்படுத்தல், உறக்கம் மறுத்தல், உணவும் நீரும் மறுத்தல். இவை சித்திரவதையே என 1976 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் ஆணைக்குழு கூறியது. 1978 ஜனவரி 18 ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமோ, இவை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்துகையாகும், ஆயினும் சித்திரவதை எனும் அளவை எட்டவில்லை எனத் தீர்த்தது. அத்தீர்ப்பை 2002 ஆம் ஆண்டின் அமெரிக்க ஆவணம் தனக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது. கண்டிப்பதற்காக எழுதப்பட்ட தீர்ப்பொன்று, ஒரு சொல்லை மறுத்தமையால், கால் நூற்றாண்டின் பின் அனுமதிப்பத்திரமாகப் பயன்பட்டது.

இத்தகைய எல்லைப்புற நிகழ்ச்சிகளிற் செய்தியாளர் செயலை விவரித்து, முரண்பட்ட கருத்துகளை எடுத்துக்கூறி நிற்பதே தக்கது. ஆனால் எல்லைக்கோட்டிற்கு அருகே உள்ள நிலம் யாருடையது எனும் ஐயம், ஊரின் நடுவே உள்ள கோயிலும் யாருடையதோ எனும் ஐயமாக விரியலாகாது. நீதிமன்றங்கள் முன்னரே தண்டித்த, சொந்த நாட்டுப் பத்திரிகைகள் முன்னரே பெயரிட்ட செயலொன்று எல்லைப்புறத்தது ஆகாது.

மேலும், செயலுக்குப் பெயரிடுதல் வேறு, ஆளைக் குற்றவாளியெனத் தீர்த்தல் வேறு. பிணத்தின் கழுத்திற் கத்தி பாய்ந்திருக்கக் கண்ட செய்தியாளர் அதனைக் கொலை என்று எழுதுகிறார். கைதானவரைக் கொலையாளி என்று எழுதாது சந்தேகநபர் என்று எழுதுகிறார். முன்னது விவரணம், பின்னது தீர்ப்பு. எவர் கட்டளையிட்டார், எவ்வளவு அறிந்திருந்தார், எச்சட்டப்பிரிவு பொருந்தும் என்பவற்றை நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம். நிகழ்ந்தது யாது என்பதை அவ்வாறு விட்டுவிட இயலாது. அதனைக் கூறுவதற்கென்றே பத்திரிகை வெளிவருகிறது.

மறுபுறத்தில் உள்ள ஆபத்தையும் மறைத்தலாகாது. கடுஞ்சொல்லைத் தவிர்ப்பது ஒரு குற்றமாயின், அதனை இறைத்துவிடுவது மற்றொரு குற்றம். ஒவ்வொரு கண்டிப்பும் கொடுமை, ஒவ்வொரு தவறும் துரோகம், ஒவ்வொரு மோதலும் படுகொலை என எழுதும் பத்திரிகை, உண்மையான படுகொலை நிகழும் நாளிற் கூறுவதற்குச் சொல்லின்றித் தவிக்கும். வாசகரும் பதற மறந்திருப்பர். கனமான சொற்கள் பொதுச்செல்வம்; சிக்கனமாகக் கையாள வேண்டியவை. சிக்கனம் என்பது செலவிட வேண்டிய இடத்திற் செலவிடாமையைக் குறிப்பதன்று.

அவ்வாறாயின் செலவிட வேண்டிய இடத்தை அறிவது எங்ஙனம்? மூன்று கேள்விகள் போதுமானவை. நிகழ்ந்தது சான்றுகளால் நிலைநாட்டப்பட்டுள்ளதா? இந்நிகழ்ச்சிக்கு முன்னரே அப்பெயர் இத்தகைய செயலுக்கு உரியதாய்ப் பொதுவழக்கில் நிலைபெற்றிருந்ததா? இதே செயலைப் பகைவன் செய்திருப்பின் இதே பெயரைத் தயங்காது எழுதியிருக்கக் கூடுமா? மூன்றுக்கும் விடை ஆம் எனின், பெயரைத் தவிர்ப்பவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர், பெயரிடுபவரல்லர்.

அமெரிக்க நிகழ்ச்சியின் முடிவு இன்னுமொரு பாடத்தைத் தருகிறது. 2014 ஆகஸ்ட் 1 ஆம் திகதி ஜனாதிபதி பராக் ஒபாமா, தம் நாட்டினர் சிலரைச் சித்திரவதை செய்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆறு நாட்களின் பின் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையின் நிறைவேற்று ஆசிரியர் டீன் பக்கே, தகவல் பெறுவதற்காகக் கைதிக்கு வேதனை விளைக்கப்பட்டதென உறுதியாகத் தெரிந்த இடங்களில் இனி அச்சொல் பயன்படுத்தப்படும் என அறிவித்தார். அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று, நீதித் திணைக்களம் இவ்விடயத்தில் வழக்குத் தொடரப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்டதென்பது. அதே ஆண்டு டிசெம்பர் 9 ஆம் திகதி வெளியான செனற் சபைக் குழுவின் அறிக்கைச் சுருக்கம், அத்திட்டத்தின் கீழ் 119 பேராவது தடுத்துவைக்கப்பட்டனர் என்றும், அவர்களுள் 26 பேராவது தடுத்துவைக்கப்படத் தகாதவர்கள் என்றும் கூறியது. பெயர் ஈற்றில் வழங்கப்பட்டது; ஆனால் அப்பெயரால் எவரும் நீதிமன்றம் ஏறவேண்டியதில்லை என்ற நிலை தோன்றிய பின்னரே அது வழங்கப்பட்டது. உரிய காலத்திற் கூறப்படாத உண்மை, பிற்காலத்தில் வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே எஞ்சுகிறது.

பெயர் உரிய காலத்தில் வரவேண்டியதன் காரணம் யாதெனின், சில பெயர்கள் கடமைகளைத் தம்மோடு கொண்டுவருகின்றன. 1984 டிசெம்பர் 10 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சமவாயத்தின்படி, யுத்தமோ அவசரநிலையோ வேறெந்தச் சூழ்நிலையோ சித்திரவதைக்கு நியாயமாகாது. அது நிகழ்ந்ததென நம்ப இடமிருப்பின் அரசு விசாரித்தல் வேண்டும். குற்றவாளியைத் தண்டித்தல் வேண்டும். ‘நுட்பம்’ என்ற சொல் இவற்றுள் எதனையும் கோராது. சொல்லை மாற்றியவர் கடமையையும் மாற்றிவிட்டார். அனுபவித்தவன் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தான் பட்டதற்குப் பெயரே இல்லை எனக் கேட்பவன் இருமுறை துன்புறுகிறான்.

இப்பிரச்சினை தமிழிற் செய்தி எழுதுவோர்க்கும் அந்நியமானதன்று. உலகச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலச் செய்திச் சேவைகள் வழியே தமிழுக்கு வருகின்றன. அமெரிக்க அரசின் அத்தொடரைச் சொல்லுக்குச் சொல் ‘மேம்படுத்தப்பட்ட விசாரணை’ எனப் பெயர்த்தால், பொலிசார்க்குப் புதிய பயிற்சி அளிக்கப்பட்டதென வாசகர் எண்ணவும் கூடும். ‘தீவிர விசாரணை’ என்பது சுறுசுறுப்பான துப்பறிதலைக் குறித்துவிடும். ‘சித்திரவதை’ என்றால் மட்டுமே நிகழ்ந்தது விளங்கும். மேசைமுன் இருக்கும் மொழிபெயர்ப்பாளர், நள்ளிரவுக்குள் முடிக்கவேண்டிய அவசரத்தில், ஓர் அறநெறித் தீர்மானத்தைச் செய்கிறார். செய்வதை அறியாமலும் செய்யலாம். இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையை விலக்குகிறது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட இச்சொல், செய்தித்தாளில் நெகிழ்ந்துவிடுமாயின் சட்டப்புத்தகத்திலும் நெடுநாள் இறுக்கமாய் நிற்காது.

செய்தியாளரிடம் சமூகம் வேண்டுவது வீரமன்று, கோபமுமன்று. நிகழ்ந்ததை, அது நிகழுமுன் வழங்கிய பெயராலேயே, நிகழ்ந்த காலத்திலேயே கூறவேண்டும் என்பதே. தகுதி வழக்குக்கு மொழியில் இடமுண்டு. துக்கவீட்டிலும் சான்றோர் அவையிலும் அது பண்பாடாகும். சிறைக்கூடத்தில் நிகழ்ந்ததைச் சொல்லும் இடத்தில், இயல்பு வழக்கே அறம்.